ஆணிவேர் அறுந்த மிளகாய் நாற்று பிழைக்குமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த்தில் ஃபிளாட் வீடு. ஈர டிஷ்யூவில் மிளகாய் விதை முளைக்க வைத்து, டிரேயில் வளர்த்து, மூன்று வாரம் கழித்துப் பொலிபேக்குக்கு மாற்றும்போது ஆறு நாற்றுக்கு ஆணிவேர் பாதியில் அறுந்துவிட்டது. பயந்துபோய்ப் பூச்செடிக் கடையில் வேர் விடவைக்கும் ஹார்மோன் தூள் வாங்கி மூன்றை மட்டும் அதில் தோய்த்து நட்டீர்கள். அந்த மூன்றும் ஒரே வாரத்தில் கருகிவிட்டன. தோய்க்காத மூன்றும் தலை தொங்கிக்கொண்டு இன்னும் உயிரோடு நிற்கின்றன. அறுந்த வேர் மறுபடி வளருமா, வேர் விடவைக்கும் ஹார்மோன் செடிக்குள் எங்கே இருக்கிறது, மருந்து போட்டதுதான் ஏன் செத்தது, பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி இளநீர் ஊற்றலாமா என்று நாலு கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

அறுந்த இடத்திலிருந்து அதே வேர் நீளாது. வேரின் நுனியில், வேர்மூடிக்குச் சற்று மேலே, செல்கள் ஓயாமல் பிரியும் ஒரு சின்னப் பகுதி இருக்கிறது. வேர் நீளுவதற்கு அதுதான் ஆதாரம். அந்தப் பகுதிக்குள்ளேயே, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, மேலோட்டமாக வெட்டுப்பட்டால் நுனி திரும்ப உருவாகிவிடும். பாதி வேரே போய்விட்டால் அந்த வழி அடைபட்டது. ஆனால் மிச்சமிருக்கும் வேரின் பக்கவாட்டில் புதுவேர்கள் கிளம்பும். அவற்றில் ஒன்றிரண்டு நேராகக் கீழே திரும்பி ஆணிவேரின் வேலையை எடுத்துக்கொள்ளும். மிளகாய்க்கு இதுவே போதும். சில நாற்றுப்பண்ணைக்காரர்கள் பக்கவேர் நிறைய வரட்டும் என்று வேண்டுமென்றே நுனியைக் கிள்ளுவதும் உண்டு.

பக்கவேர் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு இன்னும் அலுக்காத விஷயம். அது வேரின் தோலிலிருந்து முளைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது புறப்படுவது உள்ளே, நீர்க்குழாய்களைச் சுற்றி ஒற்றை வரிசையாக நிற்கும் பெரிசைக்கிள் என்ற செல் அடுக்கிலிருந்து. அங்கே சில செல்கள் ஹார்மோன் கட்டளை கிடைத்ததும் பிரிந்து சிறு குமிழாகி, மேலே இருக்கும் அடுக்குகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வெளியே வரும். விலக்குவது என்றால் குத்திக் கிழிப்பது இல்லை. வரப்போகும் வேரிலிருந்து கசியும் ஆக்சின் (வேர் விடவைக்கும் ஹார்மோன் இதுதான்), மேலே இருக்கும் செல்களின் சுவர்களை ஒட்டிவைத்திருக்கும் பசையை இளக்கச் சொல்கிறது. உள்தோல் செல்கள் நீரை இழந்து சுருங்கி வழி விடுகின்றன. கூட்டத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவளுக்கு ஜனங்கள் ஒதுங்குவதைப் போலத்தான்.

புதுவேர் எந்தெந்த வரிசையில் வரும் என்பதும் உள்ளே இருக்கும் நீர்க்குழாய் அமைப்பைப் பொறுத்தது. தக்காளி நாற்றைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: பக்கவேர்கள் எதிரெதிராக இரண்டே வரிசையில் நிற்கும். பீன்ஸில் நான்கு வரிசை. எந்த உயரத்தில் வரும் என்பதற்கும் ஒரு தாளம் இருக்கிறது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் 2010-ல் பார்த்திருக்கிறார்கள். வேர் நுனிக்கு அருகில் சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு துடிப்பு வருகிறது. அந்தத் துடிப்பு பட்ட இடம் பின்னால் பக்கவேர் வரக்கூடிய இடமாகக் குறிக்கப்பட்டுவிடுகிறது. அதாவது உங்கள் நாற்றின் மிச்ச வேரில் இடங்கள் ஏற்கனவே குறித்தாயிற்று. உத்தரவுதான் வர வேண்டும்.

அந்த உத்தரவு மேலே இருந்து வருகிறது. ஆக்சின் பெரும்பாலும் தளிரிலும் இளம் இலைகளிலும் உண்டாகி, தண்டு வழியாகக் கீழே இறங்குகிறது. சும்மா சொட்டி இறங்குவது கிடையாது. ஒவ்வொரு செல்லின் அடிப்பக்கத்திலும் பின் (pin, ஊசி) என்ற பெயருள்ள புரதங்கள் கதவு மாதிரி நின்று, வந்த ஆக்சினைக் கீழ்ச்செல்லுக்குத் தள்ளுகின்றன. (அந்தக் கதவு இல்லாத செடி பூவே விடாமல் வெறும் குச்சியாய், ஸ்வெட்டர் பின்னும் ஊசி போல நிற்கும். பெயர் வந்தது அதனால்.) வேகம் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில். உங்கள் நாற்று பத்து சென்டிமீட்டர் உயரம் என்றால், உச்சியில் காலையில் உண்டானது வேருக்கு வந்து சேர ராத்திரி ஆகிவிடும். வேர் முழுசாக இருந்தால் அது நுனிவரை போய், அங்கே திரும்பி, ஓரம் வழியாகக் கொஞ்சம் மேலேறும். நுனி இல்லாவிட்டால் வந்த சரக்கு அறுந்த இடத்துக்கு மேலே தேங்கும். வெட்டுப்பட்ட இடமும் தன் பங்குக்கு ஆக்சின் தயாரிக்கத் தொடங்கும். இரண்டும் சேரும்போது குறித்து வைத்த இடங்கள் விழித்துக்கொள்கின்றன.

இதைக் கண்ணால் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. போன வருஷம் பள்ளி விடுமுறையில் பேத்தியோடு செய்து பார்த்தேன். பாசிப்பயறை மணலில் விதைத்து, முதல் ஜோடி இலை விரிந்ததும் பன்னிரண்டு நாற்றை எடுத்து வேரை முழுசாக நறுக்கிவிட்டோம். ஆறை அப்படியே ஒரு கண்ணாடி டம்ளரில் இரண்டு விரல் தண்ணீரில் நிறுத்தினோம். மற்ற ஆறில் இலைகளையும் குருத்தையும் கிள்ளிவிட்டு இன்னொரு டம்ளரில். மூன்றாம் நாள்வரை இரண்டும் ஒன்று போலத்தான் தெரிந்தன. நான்காம் நாள் காலையில் இலையுள்ள நாற்றுகளின் தண்டு, தண்ணீருக்குள் இருந்த பகுதி, கொஞ்சம் பருத்து, தோல் நெடுக்குவாட்டில் கீறினாற்போல் வெள்ளைக் கோடுகள் விட்டிருந்தது. ஐந்தாம் நாள் அந்தக் கீறல்களிலிருந்து வெள்ளை முனைகள் எட்டிப் பார்த்தன, வரிசை பிசகாமல், சீப்புப் பல் மாதிரி. ஒரு வாரத்தில் அவை விரல் நகம் அளவு நீண்டுவிட்டன. இலை கிள்ளிய டம்ளரில் ஒரே ஒரு நாற்றில் இரண்டு முனை, மற்றதெல்லாம் மொட்டை. "தாத்தா, இலையைத்தானே பிச்சோம், வேர் ஏன் வரலே?" என்று கேட்டாள். வேரை வரவைக்கும் ஹார்மோன் இலையிலும் குருத்திலும்தான் உண்டாகிறது; உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அதே பதில்தான். நீங்கள் செய்து பார்ப்பதாக இருந்தால் தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். பால்கனியில் தேங்கிய தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டை வைத்து, சுகாதார இலாகாக்காரர்கள் சோதனைக்கு வந்தால் பாசிப்பயறுக்கு வேர் விடவைத்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இப்படித் தண்டிலிருந்து வரும் வேரை நம் பாடநூல்கள் வேற்றிடவேர் என்று சொல்கின்றன. வேருக்குரிய இடத்தில் இல்லாமல் வேறு இடத்தில் வருவதால் அந்தப் பெயர். கேட்டால் ஏதோ விதிவிலக்கு போலத் தோன்றும். ஆனால் நெல், தென்னை, செம்பனை, பாண்டான் எல்லாவற்றுக்கும் அதுதான் வாழ்க்கை. விதையிலிருந்து வந்த முதல் வேர் கொஞ்ச காலத்தோடு சரி; அப்புறம் தண்டின் அடியிலிருந்து வரும் வேர்கள்தான் செடியைத் தாங்கும். செபராங் பிறையில் கையால் நடவு செய்த காலத்தில் நாற்றைப் பிடுங்கி, வேரைத் தட்டி, பாதி அறுந்த நிலையில்தான் நட்டார்கள். நெல்லுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று கல்யாணத்தில் வாழ்த்துகிறோமே, அதில் வரும் ஆலின் விழுதும் சரி, அருகு கணுவுக்குக் கணு விடும் வேரும் சரி, இரண்டுமே வேற்றிடவேர்தான். வாழ்த்தை அமைத்தவர் தாவரவியல் படித்தவராக இருக்க மாட்டார், ஆனால் தரையை நன்றாகக் குனிந்து பார்த்தவர்.

மேலிருந்து இறங்கும் சரக்கு தேங்கினால் வேர் வரும் என்பதை நம் ஊர் தோட்டக்காரர்கள் வேறு விதத்தில் தெரிந்து வைத்திருந்தார்கள். பாலிக் புலாவ் பக்கம் எலுமிச்சை, ஜம்பு மரங்களில் பதியம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். மலாயில் 'தூட்' என்பார்கள். கிளையில் இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, தேங்காய் நாரும் மண்ணும் ஈரமாக வைத்துப் பிளாஸ்டிக்கில் கட்டுவது. சில வாரங்கள் கழித்துப் பிரித்தால் வேர் எங்கே இருக்கும்? உரித்த வளையத்தின் மேல் விளிம்பில். கீழ் விளிம்பு வறட்டுத்தனமாக அப்படியே இருக்கும். இலையிலிருந்து பட்டை வழியாக இறங்கிய ஆக்சினும் சர்க்கரையும் மேல் விளிம்பைத் தாண்ட வழியில்லாமல் அங்கேயே சேர்ந்ததுதான் காரணம்.

ஆராய்ச்சிக்காரர்கள் இதைப் பிடிக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. 1880-ல் சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் முளையின் நுனியை மூடினால் அது வெளிச்சத்தின் பக்கம் வளைவதில்லை என்று பார்த்து, நுனியிலிருந்து ஏதோ ஒன்று கீழே போகிறது என்று எழுதினார்கள். 1920-களின் பிற்பாதியில் ஹாலந்தில் ஃபிரிட்ஸ் வென்ட், வெட்டிய நுனியை அகர் கட்டியின் மேல் வைத்து அந்த 'ஏதோ ஒன்றை' கட்டிக்குள் இறக்கிக் காட்டினார். நாம் அகர் அகர் செய்கிறோமே, அதே சரக்கு. 1934-ல் அதே நாட்டில் கோகல் குழுவினர் இண்டோல் அசிட்டிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள், மனித மூத்திரத்திலிருந்து! அடுத்த வருஷமே அமெரிக்காவில் ஜிம்மர்மனும் வில்காக்சனும் இண்டோல் பியூட்டிரிக் அமிலத்துக்கு வேர் விடவைக்கும் திறன் அதிகம் என்று கண்டார்கள். உங்கள் டப்பாவில் இருப்பது பெரும்பாலும் இதுதான். முதலில் செயற்கை என்று நினைத்தார்கள். பிறகு செடிகளுக்குள்ளேயே அது இருப்பது தெரிந்தது. செடி அதை இண்டோல் அசிட்டிக் அமிலமாக மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளும்.

அப்படியானால் மருந்து ஏன் கொன்றது? வேர் பிறப்பதற்கும் வேர் நீளுவதற்கும் தேவைப்படும் ஆக்சின் அளவு ஒன்றல்ல. பிறக்க நிறைய வேண்டும். பிறந்த பிறகு அதே அளவு இருந்தால் நீளாது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மில்லிகிராம் இண்டோல் அசிட்டிக் அமிலம் இருந்தாலே இளவேரின் நீட்சி வெகுவாகக் குறைந்துவிடும். கடையில் விற்கும் தூளோ 0.1, 0.3, 0.8 சதவீதம் என்று மூன்று பலத்தில் வரும். நடுவில் உள்ளதை எடுத்துக்கொண்டால்கூட ஒரு கிலோ தூளில் 3 கிராம். இது வேரே இல்லாத குச்சிக்கு, அதுவும் அடி நுனியில் மட்டும் தொட்டு உதறிவிட்டு நடுவதற்கு ஏற்பட்டது. 0.1 இளந்தண்டுக்கு, 0.3 பாதி முற்றியதற்கு, 0.8 நன்றாக முற்றிய மரக்குச்சிக்கு. உயிருள்ள வேர்களோடு இருக்கும் நாற்றை அதில் புரட்டி எடுத்தால், மிச்சமிருந்த வேர் நுனிகளும் வேர்த்தூவிகளும் வேலை நிறுத்திவிடும். தண்ணீர் உறிஞ்ச ஆளில்லை, இலை வாடுகிறது, இலை வாடினால் செடியின் சொந்த ஆக்சினும் நின்றுபோகிறது. நெல்வயலில் அகன்ற இலைக் களைகளுக்கு அடிக்கிறார்களே 2,4-டி, அதுவும் ஆக்சின் வகைதான். அளவு மீறினால் மருந்துக்கும் களைக்கொல்லிக்கும் பெரிய தூரமில்லை.

டப்பாவைத் தூக்கிப் போட வேண்டாம். காகிதப்பூ, செம்பருத்திக் குச்சிகளுக்கு உபயோகமாகும். வெற்றிலை, கற்பூரவல்லிக்கெல்லாம் வீண் செலவு. வெற்றிலைக்கு நானே ஒரு டப்பா வாங்கித் தடவியிருக்கிறேன், தடவாத கொடி முந்திக்கொண்டது. கறிவேப்பிலைக்குத் தூளைவிட, தாய்ச்செடிப் பக்கத்தில் வேரிலிருந்து எழும் கன்றைத் துண்டு வேரோடு வெட்டி எடுப்பதே மேல்.

இளநீர் விஷயத்தில் அக்கா சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. இளநீரில் வளர்ச்சியைத் தூண்டும் பொருள் நிஜமாகவே இருக்கிறது. 1941-ல் ஊமத்தை விதைக்கருவை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கத் திணறியபோது தேங்காய்த் தண்ணீர் சேர்த்ததும் அது வளர்ந்தது. ஆர்க்கிட் குப்பிகளில் இன்றும் சேர்க்கிறார்கள். ஆனால் அதில் பிரபலமானது சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோன். அது செல்லைப் பிரியவைக்கும், தளிரை எழுப்பும், வேருக்கோ முட்டுக்கட்டை. 1957-ல் ஸ்கூக், மில்லர் இருவரும் புகையிலைத் திசுவில் இதை அழகாகக் காட்டினார்கள்: ஆக்சின் தூக்கலாக இருந்தால் வேர், சைட்டோகைனின் தூக்கலாக இருந்தால் தளிர், இரண்டும் சமமாக இருந்தால் வடிவமில்லாத சதைப்பிண்டம். செடிக்குள் சைட்டோகைனின் நிறைய உண்டாவது வேர் நுனியில்தான். உங்கள் நாற்றில் வேர் நுனி போனதால் அந்தப் பக்கம் வரத்து குறைந்துவிட்டது. தராசு தானாகவே வேர் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஒரு வாரம் புதுத் தளிர் வராமல் நிற்கும் என்பதற்கும் இது ஒரு காரணம், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். அந்தத் தராசில் போய் எதிர்த்தட்டில் இளநீரை ஊற்றுவானேன்? தவிர அதிலுள்ள சர்க்கரைக்கு எறும்பும் பூஞ்சணமும் வரும். நீங்கள் குடித்துவிடுங்கள்.

நம் ஊரில் நாற்றுக்கு ஹார்மோனைவிடப் பெரிய பிரச்சினை காற்று. பினாங்கில் செப்டம்பர் முதல் நவம்பர்வரை மழை கொட்டும்போது பொலிபேக் மண் சொதசொதவென்று நிற்கும். தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். வேர் மூச்சுமுட்டும். செடி விடும் எத்திலீன் வாயுவும் வெளியே போக முடியாமல் உள்ளே அடைபடும். தக்காளி இதைச் சமாளித்துக்கொள்ளும்: தேங்கிய எத்திலீன் அதன் தண்டில் புதுவேர்களைக் கிளப்பிவிடும். அடித்தண்டில் சொரசொரப்பாகச் சின்னச் சின்னப் புடைப்புகள் பார்த்திருப்பீர்கள், அவை காத்திருக்கும் வேர்கள். விசித்திரம் என்னவென்றால் அதே எத்திலீன் அதே தக்காளியின் பக்கவேர்களைக் குறைக்கிறது. மிளகாய் அவ்வளவு சாமர்த்தியசாலி இல்லை. ஆகவே தக்காளியைக் கழுத்துவரை புதைக்கிற மாதிரி மிளகாயைப் புதைக்காதீர்கள். பழைய மண்மட்டம் எதுவோ அதே அளவு போதும்.

என் அம்மா நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்து நர்சரியில் வேலை பார்த்தவர். ரப்பர் ஒட்டுக்கன்றை எடுக்கும்போது தலையை முழுசாக வெட்டி, ஆணிவேரையும் தறித்து, வெறும் கட்டையாகத்தான் அனுப்புவார்கள். அதற்கு ஸ்டம்பு என்று பெயர். இலையே இல்லாத அது எப்படி வேர் விட்டது என்று நீங்கள் கேட்கலாம். கட்டைக்குள் மாவுச்சத்து சேமிப்பு இருக்கிறது, ஒட்டு மொட்டு வெடித்துத் தளிர்க்கும்போது ஆக்சின் இறங்கும். மூன்று வார மிளகாய் நாற்றுக்கு அந்தச் சேமிப்பு கிடையாது. அன்றாடம் சம்பாதித்து அன்றாடம் சாப்பிடும் குடும்பம் அது. அதன் இரண்டு இளம் இலை போனால் எல்லாம் போச்சு.

எனவே உயிரோடிருக்கும் மூன்றுக்கும் செய்ய வேண்டியது இலையைக் காப்பது மட்டும்தான். நேர் வெயில் படாத, ஆனால் வெளிச்சமான மூலையில் வையுங்கள். மினரல் வாட்டர் பாட்டிலைப் பாதியாக வெட்டி, மூடியைக் கழற்றிவிட்டு, மேலே கவிழ்த்து வையுங்கள். வெயிலில் கவிழ்த்தால் உள்ளே வெந்துவிடும், ஜாக்கிரதை. மண் களிமண்ணாக இருந்தால் சுட்ட மண்ணும் மணலும் தேங்காய்த் துகளும் கலந்ததில் மாற்றிவிடலாம். ஈரம் வேண்டும், ஆனால் ஒரே பக்கமாக ஊற்ற வேண்டாம். வேர் ஈரம் படுகிற பக்கமாகப் பார்த்துத்தான் கிளைக்கும், மண்ணுக்கும் வேருக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் அங்கே கிளைக்காது. நட்டதும் விரலால் சுற்றிலும் லேசாக அமுக்குவது அதற்காகத்தான். உரம் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். எட்டுப் பத்து நாளில் உச்சியில் புது இலை எழுந்தால் கீழே வேர் பிடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு பாட்டிலைக் கழற்றலாம். அதுவரை பிடுங்கிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

பிடுங்கிப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் செத்த மூன்றைப் பிடுங்குங்கள். வேரைக் கழுவி, விரல் நகத்தால் மெல்ல உருவிப் பாருங்கள். குட்டையாகத் தடித்து, மழுங்கிய நுனியோடு உறுதியாக இருந்தால் தூள்தான் காரணம். தோல் வழுக்கிக்கொண்டு கழன்று, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் கையில் நின்றால் அது ஈரத்தில் வரும் நாற்றழுகல், தூளைத் திட்டிப் பயனில்லை. அப்படி இருந்தால் மற்ற மூன்றும் அதே மண்ணில்தானே நிற்கின்றன? இன்றைக்குச் சாயங்காலமே புது மண்ணுக்கு மாற்றிவிடுங்கள்.